கணிப்பொறியின் பூட்டும் சாவியும்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதல் இடுக்கியின் மூணாறு, பீர்மேடு வரை கேரள எல்லையில் வாழும் தமிழராகிய நமக்கு, 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் ஓர் உரிமையை அளித்துள்ளது. மாநில அரசாங்கத்துக்கும் நம் வட்டார அலுவலகங்களுக்கும் நாம் தமிழிலேயே எழுதலாம். ஆனால் மனுவைத் தட்டச்சுச் செய்ய அமர்ந்தால், பழைய கணிப்பொறி சில வேளைகளில் தமிழ்ச் செயலியைத் திறக்க மறுத்து, நிர்வாகியின் அநுமதியைக் கேட்கிறது. இதனைக் கோளாறு என்று எண்ணலாகாது. இது ஒரு பூட்டு.

2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில், வீட்டுக் கணிப்பொறிகளைப் பெரும்பாலோர் நிர்வாகி உரிமையோடே பயன்படுத்தினர். ஆகவே அக்காலச் செயலிகள் பல, தம் குறிப்புகளைத் தாம் நிறுவப்பட்ட கோப்புறையிலேயே எழுதின. 2007-இல் வந்த விஸ்டா, அங்கே எழுதுவதற்கு நிர்வாகியின் சம்மதத்தை வேண்டியது. கள்வனைத் தடுக்க வந்த காவலாளி, பழைய வேலைக்காரனையும் வாயிலில் நிறுத்திவிட்டான்.

இதற்குப் பரிகாரம் யாது? கணிப்பொறிக்குப் பொறுப்பானவரை அழைப்போம். அவர் செயலியை வலச்சொடுக்கி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்து, கடவுச்சொல்லை இடட்டும். செயலி ஓடினால் தடை அநுமதியில்தான் என்பது விளங்கும். பின்னர் அந்த ஒரு கோப்புறையில் மட்டும் எழுதும் உரிமையை நமக்கு அளித்தால், பெரும்பாலும் அதுவே போதும்.

கடவுச்சொல்லை ஊரறியச் செய்வதும், காவலை அடியோடு நிறுத்துவதும் தகா. விண்டோஸ் 7-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. பழைய இயந்திரத்துக்குப் பூட்டு இன்னும் அவசியம். கடவுச்சொல்லைப் பலவந்தமாக மாற்றினாலோ, விண்டோஸில் மறையாக்கம் செய்த கோப்புகள் திறவாமற் போகக்கூடும்.

தமிழ் எழுதுவது மட்டுமே நோக்கமாயின் தனிச் செயலியே வேண்டுவதில்லை. விண்டோஸ் 7-இல் தமிழ் விசைப்பலகை உள்ளேயே அமைந்துள்ளது. 'கண்ட்ரோல் பேனல்' சென்று மொழிப் பகுதியில் அதைச் சேர்த்துக்கொள்ளப் பொதுவாக நிர்வாகியின் அநுமதி தேவைப்படாது. அவ்வாறு எழுதுவது ஒருங்குறி எழுத்து. பழைய எழுத்துருவில் அடித்த மனு, அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் குறிகளின் குவியலாகத் தோன்றும். ஒருங்குறியில் எழுதியதோ திருவனந்தபுரத்திலும் தமிழாகவே படிக்கப்படும்.

மும்பையிலும் டில்லியிலும் பழைய கணிப்பொறியோடு மல்லாடும் நேயர்களுக்கும் இம்முறை பயன்படும். எல்லையிலுள்ள நாமோ, சட்டம் தந்த உரிமையை ஓர் அநுமதிப் பெட்டிக்கு அஞ்சிக் கைவிடாமல், அடுத்த மனுவைத் தமிழிலேயே எழுதி அனுப்புவோமாக.