நூலகப் பதிவேடும் நம் அந்தரங்கமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் நன்கொடையில் கல்லூரி நூலகத்தின் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதென்று முடிவாகியிருக்கிறது. நான் அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால், அதன் பயன்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். பயன்கள் உங்களுக்கே தெரியும். அபராதக் கணக்கு தப்பாது, தேடின புத்தகம் எங்கே என்று உடனே தெரியும். அவ்வளவுதான். மீதி நேரத்தை வேறு விஷயத்துக்குச் செலவு செய்யப் போகிறேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. நான் கீரப்பாளையத்தில் பள்ளியில் படித்தபோது, சைக்கிளில் போய்ப் புத்தகம் எடுத்து வருகிற ஒரு சின்ன நூலகம் இருந்தது. யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று ஒரு நீள நோட்டில் எழுதுவார்கள். நோட்டு மேஜை மேல் திறந்தே கிடக்கும். அப்போது என் அத்தை புகுந்த வீட்டிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். ஒருநாள் என்னிடம், "ஜீவனாம்சம் பத்தி சட்டப் புத்தகம் இருந்தா உன் பேர்ல எடுத்துட்டு வாடா" என்றார். எடுத்து வந்தேன். பத்து நாள் கழித்து டீக்கடையில் ஒருவர் அப்பாவிடம், "என்னண்ணே, பையன் ஜீவனாம்சம் பத்தியெல்லாம் படிக்கிறானாமே?" என்று கேட்டாராம். அப்பா சிரித்து மழுப்பிவிட்டார். அத்தை அதற்குப் பிறகு என்னிடம் எந்தப் புத்தகமும் கேட்கவில்லை.

கல்லூரிக்கு வந்ததும் வேறு முறையைப் பார்த்தேன். நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பாக்கெட் மாதிரி மடித்த சின்ன அட்டை டிக்கெட்டுகள், பெயரும் ரோல் நம்பரும் எழுதியவை. புத்தகத்துக்குள் ஒரு கார்டு இருக்கும். புத்தகம் எடுத்தால் அந்தக் கார்டை உருவி நம் டிக்கெட்டுக்குள் செருகி, தேதி வாரியாக மரத் தட்டில் அடுக்கி வைப்பார்கள். திருப்பிக் கொடுத்தால் கார்டு புத்தகத்துக்குள் போகும், டிக்கெட் நம் கைக்கு வரும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. 1895ல் அமெரிக்காவில் நீனா பிரவுன் என்ற நூலகர் கண்டுபிடித்த முறை இது. நூலகப் படிப்பு படித்தவர்கள் பிரவுன் முறை என்பார்கள்.

இதில் எனக்கு அப்போது புரியாத சங்கதி ஒன்று உண்டு. புத்தகம் திரும்பி வந்த அந்த நிமிடமே, அதை நான் எடுத்தேன் என்பதற்கான அடையாளமே இல்லாமல் போய்விடுகிறது. யாரும் அழிக்க வேண்டியதில்லை. யார் உத்தரவோடு வந்து கேட்டாலும், "இப்போது யாரிடம் இருக்கிறது" என்பதைத்தான் சொல்ல முடியும், "இதுவரை யார் யார் படித்தார்கள்" என்பதைச் சொல்லவே முடியாது.

கம்ப்யூட்டர் இதற்கு நேர் எதிர். கோஹா என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. 2000ம் ஆண்டில் நியூசிலாந்து நூலகம் ஒன்றில் முதலில் ஓடத் தொடங்கியது, நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் அதுதான். புத்தகம் திரும்பி வந்ததும், கடன் பதிவு நடப்பு அட்டவணையிலிருந்து பழைய கடன் அட்டவணைக்குப் போகும். யாரும் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால், பெயரோடு அங்கேயே கிடக்கும். பத்து வருஷம் ஆனாலும் கிடக்கும்.

இது என் சொந்த அனுபவம். பெயர் வேண்டாம், வேறு மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு நான் நூலக சாஃப்ட்வேர் அமைத்துக் கொடுத்தேன். ஒருநாள் நூலகர் அம்மா போன் செய்தார். பாறை வெடி வைத்துத் தகர்ப்பது பற்றிய பாடப்புத்தகம் ஒன்றை எடுத்தவர்கள் எல்லோருடைய பட்டியலும் வேண்டுமென்று போலீஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, எப்படி எடுப்பது என்று தெரியவில்லை, நீங்கள் எடுத்துத் தாருங்கள் என்றார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாலு நிமிடத்தில் எடுத்து அனுப்பினேன். சீக்கிரம் முடித்ததில் கொஞ்சம் பெருமை கூட. பிறகுதான் பட்டியலைப் படித்தேன். அறுபதுக்கு மேல் பெயர்கள். ஏழு வருஷத்துக்கு முன் படித்துவிட்டு எங்கோ வேலைக்குப் போய்விட்ட பையன்களும் அதில் இருந்தார்கள். நெய்வேலி சுரங்கம் இருக்கும் மாவட்டத்துக்காரர்கள் நாம். அது சுரங்கம் படிப்பவனுக்கும் சிவில் படிப்பவனுக்கும் சாதாரணப் பாடப்புத்தகம் என்று நமக்குத் தெரியும். பட்டியலுக்குத் தெரியாது. ஜீவனாம்சப் புத்தகத்தை நான் எடுத்த மாதிரிதான். அந்தப் பட்டியல் பிறகு என்ன ஆனது, யாரையாவது கூப்பிட்டு விசாரித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்புறம் சட்டத்தைப் பார்த்தேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 94வது பிரிவு. விசாரணைக்குத் தேவை என்று கருதினால், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே எழுத்து மூலம் எந்த ஆவணத்தையும் கேட்கலாம். நீதிபதி கையெழுத்து வேண்டியதில்லை. ஆனால் தபால் நிலையத்தில் இருக்கும் கடிதத்தை இந்தப் பிரிவில் கேட்க முடியாது, அதற்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டோ நீதிமன்றமோ உத்தரவிட வேண்டும். வங்கிக் கணக்குப் புத்தகத்துக்கும் 1891லேயே போட்ட தனிச் சட்டம் இருக்கிறது. கடிதத்துக்கு ஒரு வேலி, பாஸ்புக்குக்கு ஒரு வேலி. நான் படித்த புத்தகங்களின் பட்டியலுக்கு மட்டும் வேலி கிடையாது. 1948ல் சுதந்திர இந்தியாவிலேயே முதல் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாகாணம். அதற்குப் பாடுபட்ட ரங்கநாதன் நமக்குப் பக்கத்து சீர்காழியில் பிறந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்று 1931ல் விதி எழுதினார். அந்த ஜோடியை என்றைக்கும் எழுதி வைத்திருங்கள் என்று எழுதவில்லை.

வெளிநாட்டில் இதற்குப் பெரிய போராட்டமே நடந்தது. 2001ல் அமெரிக்காவில் பேட்ரியட் சட்டம் வந்தபின், கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் நூலகங்களில் அன்றன்றைய காகிதங்களை அன்றன்றே கிழித்துப் போட ஆரம்பித்தார்கள். 2005ல் கனெக்டிகட் மாநிலத்தில் பல நூலகங்களுக்குச் சேர்த்துக் கம்ப்யூட்டர் வசதி செய்யும் அமைப்புக்கு எஃப்.பி.ஐ. கடிதம் ஒன்று வந்தது. ஒரு கம்ப்யூட்டரை யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்டது. அதிலும் நீதிபதி கையெழுத்து இல்லை. அதோடு, இப்படி ஒரு கடிதம் வந்ததையே யாரிடமும் சொல்லக் கூடாது என்ற தடை வேறு. நான்கு நூலகர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு பேப்பரில் வந்தபோதும் அது தாங்கள்தான் என்று வெளியே சொல்ல முடியாமல் இருந்தார்கள். 2006ல் தடையும் போனது, கடிதத்தையும் அரசு திரும்பப் பெற்றது. அந்த அமைப்பை நடத்திய ஜார்ஜ் கிறிஸ்டியன் என் வேலையைப் போன்ற வேலையில் இருந்தவர். அவர் செய்ததையும் நான் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எனக்கு நாலு நிமிடம்தான் ஆயிற்று.

"தப்பு செய்யாதவன் ஏன் சார் பயப்படணும்?" என்று யாராவது கேட்பீர்கள். வெர்னான் கொன்சால்வஸ் வழக்கில், அவரிடமிருந்து எடுத்த புத்தகங்களைப் பற்றி 2019ல் மும்பை உயர் நீதிமன்றத்தில் நடந்த விவாதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. இப்படிப்பட்ட இலக்கியத்தை வைத்திருந்தது மட்டுமே குற்றமாகாது என்று அவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது 2023 ஜூலையில். கைதானது 2018ல். நடுவில் ஐந்து வருஷம் போய்விட்டது. புத்தகம் மட்டும் காரணமல்ல, வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அலமாரியில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் நம் நாட்டில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் பக்கத்திலும் சட்டம் இருக்கத்தான் செய்கிறது. வங்கியிடம் இருந்தாலும் ஆவணத்தின் அந்தரங்கம் அந்த மனிதனுக்கே உரியது என்று 2004ல் கனரா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும் என்கிறது. பரவாயில்லையே என்று மேலே படித்தால் 17வது பிரிவு வருகிறது: அந்த அழிக்கும் கடமை அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் பொருந்தாது. நூலகங்களை அதிகம் நடத்துவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சட்டம் அழிக்கும் என்று காத்திருக்க வேண்டாம், நாமே அழிக்கலாம். கேட்டு உத்தரவு வந்தபின் அழித்தால் அது குற்றம். வருவதற்கு முன்பே, தினமும், எல்லோருக்கும் ஒரே மாதிரி அழிந்துகொண்டிருந்தால் அது வெறும் நிர்வாக முறை. கோஹாவிலேயே இதற்கு வசதி இருக்கிறது. புத்தகம் திரும்பியதும் வாசகரின் எண்ணை எடுத்துவிட்டு, பெயரில்லாத ஒரு பொது எண்ணைப் போட்டுவிடும். எந்தப் புத்தகம் எத்தனை தடவை போனது என்ற கணக்கு அப்படியே இருக்கும். எத்தனை பிரதி வாங்கலாம் என்று நூலகர் முடிவு செய்ய அது போதும். புத்தகம் கையில் இருக்கும்வரை பெயர் இருக்கும், அபராதமும் வசூலாகும். கிழிந்து வந்தால் யாரைக் கேட்பது என்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு வாரம் விட்டு அழிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். தினசரி பேக்கப்பிலும் லாகிலும் பழைய பெயர்கள் தங்கும். அதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் செய்த வேலை வீண்.

செயற்குழுவிடம் நான் கேட்பது இதுதான். நன்கொடைக் கடிதத்தில் இதை ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். பிறகு யாராவது மாற்ற நினைத்தாலும் கடிதம் ஃபைலில் இருக்கும். அமைத்துக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். காலை பஸ்ஸில் கீரப்பாளையத்திலிருந்து நான் வந்துவிடுகிறேன், காசு வேண்டாம். அந்த மரத் தட்டு மட்டும் எங்காவது பரணில் கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள்.