ஏடுகளில் ஒரு பரம்பரை

இங்கிலாந்தின் தேவாலயங்கள்தோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியுமாறு 1538இல் தோமஸ் குரொம்வெல் கட்டளையிட்டார். ஏழை உழவனின் பெயர் பெரும்பாலும் இம்மூன்று வேளைகளில்தான் ஏடேறியது. அடக்கப் பதிவே இல்லாமல் ஒரு பெயர் மறைந்துவிட்டால், வழித்தோன்றல்களை எங்கே தேடுவது?

டோர்செற்றிலே ரொல்பட்ல் கிராமத்தைப் பாருங்கள். கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்த பண்ணைத் தொழிலாளர் அறுவர், இரகசியச் சத்தியம் செய்ததைக் குற்றமாக்கி, 1834இல் அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். ஊர் ஏடு காட்டாதவர்களை வழக்குப் பதிவும் கைதிக் கப்பல் பட்டியலும் காட்டுகின்றன. 1836இல் மன்னிப்புக் கிடைத்தது. மீண்டு வந்தவர்களில் ஐவர் எசெக்சிலே பண்ணை செய்தனர். அவர்களுள் ஜேம்ஸ் பிரைன், தம் தோழர் தோமஸ் ஸ்ரான்ட்பீல்டின் மகளை 1839இல் கிரீன்ஸ்ரெட் தேவாலயத்தில் மணந்தார். பின்னர் ஐவரும் குடும்பங்களோடு கனடா சென்றனர். ஜோர்ஜ் லவ்லெஸின் கல்லறை ஒன்ராறியோவில் இருக்கிறது. ஊரிலே தங்கிய ஜேம்ஸ் ஹமெற், 1891இல் ஏழையர் விடுதியில் இறந்தார்.

உழைத்த நாட்களை எந்த ஏடும் எழுதவில்லை. தண்டித்த அரசுதான் விரிவாக எழுதியது. ஆகவே, முன்னோர் ஒருவரைக் கைதிப் பட்டியலிலே காண்பவர் நாணி ஏட்டை மூடிவிடக் கூடாது. குற்றம் யாதென்று வழக்கேட்டையும் படித்துப் பார்க்கவேண்டும்.