குரங்கும் கணக்கும்: சைலன்ட் வேலியைக் காத்தது யார்?

  

இந்தச் சொற்பொழிவின் பொருள் அவைக்குப் புதியதல்ல. பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலைத்தொகுதியின் தென்மேற்கு விளிம்பில், குந்திப்புழை ஆறு ஓடும் சைலன்ட் வேலிப் பள்ளத்தாக்கில் கேரள மின்வாரியம் அணை கட்ட முனைந்தது. மக்கள் எதிர்த்தார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஏன் கைவிடப்பட்டது என்று கேட்டால்தான் சண்டை தொடங்கும். துறை நண்பர்கள் இரண்டு விடைகளில் ஒன்றைச் சொல்வார்கள். இந்திரா காந்தி தடுத்தார் என்பது ஒன்று. கவிஞர்களும் சோலைமந்தி என்ற குரங்கும் மக்கள் மனத்தைக் கரைத்தனர் என்பது மற்றொன்று. இரண்டும் நடந்தவைதாம். ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் காரணம் முழுமையாகாது. கருத்தரங்குகளின் தேநீர் வேளைகளில் பல ஆண்டுகளாக அரைகுறையாகவே நின்றுபோன இந்த வழக்கை முடித்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் வாய்க்காது.

முதலில் எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்ய வேண்டும். அணைக்கு ஏற்ற இடமாகச் சைரந்திரியை 1928லேயே அடையாளம் கண்டிருந்தார்கள். 1973இல் திட்டக்குழு ஒப்புதல் தந்தது. தொடக்கத்தில் 120 மெகாவாட், பிறகு 240 மெகாவாட், கூடவே 10,000 ஹெக்டேருக்குப் பாசனம் என்பது வாக்குறுதி. கேரளத்தின் வடபகுதியான மலபார் மின்சாரத்திலும் தொழிலிலும் பின்தங்கிக் கிடந்தது உண்மை. அங்கே வேலை கேட்டு நின்ற இளைஞர்கள் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். இடதுசாரிகள், காங்கிரஸ் என்ற வேறுபாடின்றி மாநிலத்தின் பெரிய கட்சிகள் எல்லாம் திட்டத்தை ஆதரித்தன. மூழ்கப்போவது 830 ஹெக்டேர்தான், பள்ளத்தாக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றது அரசு.

காட்டின் பக்கம் பேசியவர்களிடம் அப்போது என்ன இருந்தது? சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் எழுபதுகளின் தொடக்கத்திலேயே இந்தக் காட்டைப் பற்றி எழுதினார். ஸ்டீவன் கிரீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நம் திருநெல்வேலி மாவட்டத்தை ஒட்டிய அசம்பு மலைகளில் சோலைமந்தியைப் பின்தொடர்ந்து ஆராய்ந்திருந்தார். கருத்த உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிறு குஞ்சம். மரத்தைவிட்டு அதிகம் இறங்காத பிராணி அது. முள் மூடிய வெடிப்பலாக் காய்களைப் பிளந்து விதையைத் தின்னும், அந்த மரம் பூக்கும் பருவத்தில் பூவையும் விடாது. மரக்கிளைகள் அறுபடாமல் தொடர்ந்தால்தான் அதற்குப் பிழைப்பு. இந்த ஆய்வுகளின் பின்னணியில்தான் 1976இல் களக்காடு சரணாலயம் பிறந்தது. சோலைமந்தி சைலன்ட் வேலியிலும் இருந்தது. அது போராட்டத்தின் முகமானது.

அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. மனிதனா, குரங்கா என்று கேட்டார்கள் அணை ஆதரவாளர்கள். அந்தக் கேள்விக்கு மேடையில் விடை சொல்வது கடினம். விளக்கில்லாத வீட்டுக்காரரிடம் போய் வெடிப்பலாவைப் பற்றிப் பேசினால், இவர்கள் நம் பசி அறியாதவர்கள் என்றே அவர் நினைப்பார். 1976இல் மத்திய அரசு அமைத்த பணிக்குழு, ஜாபர் ஃபுதேஹல்லி தலைமையில், திட்டத்தைக் கைவிடலாம் என்றது. கட்டியே தீர வேண்டுமென்றால் 17 பாதுகாப்பு நிபந்தனைகள் வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லியது. கேரளம் நிபந்தனைகளைப் பற்றிக்கொண்டது. 1978இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் பச்சைக்கொடி காட்டினார். 1979இல் சூழல் சமநிலையைக் காக்கச் சட்டமே இயற்றிவிட்டோம் என்றது மாநிலம். அதாவது சூழலியல் வாதம் வென்ற பிறகும் அணை வந்துகொண்டிருந்தது. கவிதையும் குரங்கும் போதும் என்போர் இந்த மூன்று ஆண்டுகளை விளக்கியாக வேண்டும்.

விளக்கம் ஒரு சிறு அறிக்கையில் இருக்கிறது.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. அறிவியலை மலையாளத்தில் எழுதுவோரின் சங்கம்தான் அது அப்போது. எழுபதுகளில் பள்ளி ஆசிரியர், பொறியாளர், மருத்துவர், ஊழியர் என்று கிராமம் வரை பரவியது. 1979இல் அதன் சார்பில் ஐந்து பேர் சைலன்ட் வேலி மின்திட்டத்தைத் தொழில்நுட்பம், பொருளாதாரம், சமூகம், அரசியல் என எல்லாக் கோணத்திலும் மதிப்பிட்டு வெளியிட்டார்கள். எம்.கே. பிரசாத் தாவரவியல் பேராசிரியர். எம்.பி. பரமேஸ்வரன் அணுமின் பொறியியல் படித்து, பாபா அணு ஆராய்ச்சி மையத்து வேலையை விட்டு மலையாள அறிவியல் எழுத்துக்கு வந்தவர். வி.கே. தாமோதரன் மின்பொறியாளர். கே.என். சியாமசுந்தரன் நாயர் வேளாண் அறிவியலர். கே.பி. கண்ணன் பொருளியலர். ஐவரில் காட்டு உயிர்களை நேரடியாகப் படித்தவர் ஒருவரே என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவர்கள் கேட்ட கேள்வி எளியது. மலபாருக்கு மின்சாரம் வேண்டும், சரி. அதற்கு இந்த அணைதான் வழியா?

1976இல் இடுக்கி மின்நிலையம் ஓடத் தொடங்கியிருந்தது. கேரளம் தன் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை அண்டை மாநிலங்களுக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. மின்சாரம் இருந்தது, மலபாருக்குத்தான் போய்ச் சேரவில்லை. அணை எந்த மாவட்டத்தில் நின்றாலும் அதன் மின்சாரம் மாநிலம் முழுவதற்குமான பொதுத் தொகுப்பில்தான் கலக்கும். அங்கிருந்து எந்த ஊருக்கு உயரழுத்தக் கம்பி போகிறதோ, எங்கே துணைமின்நிலையமும் டிரான்ஸ்பார்மரும் நிற்கின்றனவோ, அங்கேதான் விளக்கு எரியும். மலப்புறத்தில் ஒரு நெல் விவசாயியை எண்ணிப் பார்க்கலாம். அவர் மோட்டார் நீண்ட தாழ்வழுத்தக் கம்பியின் கடைசிக் கம்பத்தில் இணைந்திருக்கிறது. மாலையில் அழுத்தம் விழுந்து மோட்டார் உறுமுகிறது, ஓடவில்லை. பக்கத்து மலையில் அணை கட்டினாலும், கம்பி அதே கம்பியாக இருக்கும்வரை அந்த மோட்டார் உறுமிக்கொண்டேதான் இருக்கும். அவருக்கு வேண்டியது புதிய தடம், புதிய டிரான்ஸ்பார்மர், வழியில் இழப்பைக் குறைக்கும் பராமரிப்பு. பாசனத்துக்கும் இதே வகை விடைதான். நிலத்தடி நீரையும் ஏற்றுப்பாசனத்தையும் கொண்டு அந்த நிலங்களுக்கு நீர் தர வழி உண்டு.

வேலைவாய்ப்பையும் அறிக்கை விட்டுவிடவில்லை. கட்டுமான வேலை கட்டுமானம் முடிந்ததும் முடிந்துவிடும். நிலைத்த வேலை தொழிற்சாலையில் இருக்கிறது, தொழிற்சாலை கம்பி போன இடத்துக்கு வரும். அரசு பெருமையோடு காட்டிய 17 நிபந்தனைகளும் இதே கண்ணோட்டத்தில் ஆட்டம் கண்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் பள்ளத்தாக்கில் தங்குவார்கள், அடுப்புக்கு விறகு எரிப்பார்கள். சாலை வரும், லாரி வரும். 830 ஹெக்டேர் என்பது நீரில் மூழ்கும் பரப்பு மட்டுமே.

இந்த வாதத்தின் வலிமை, மனிதனா குரங்கா என்ற கேள்வியையே கலைத்துவிட்டதில் இருக்கிறது. மனிதனுக்கு வேண்டியது கம்பி என்று நிறுவியதும், அணைக்கும் மனிதனுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. இதைச் சொன்னவர்கள் யார் என்பதும் முக்கியம். பரிஷத்தில் பலர் இடதுசாரி ஈடுபாடு கொண்டவர்கள், அணையை ஆதரித்த கட்சிகளுக்கு அணுக்கமானவர்கள். பரிஷத்துக்குள்ளேயே கடும் விவாதம் நடந்தது. வளர்ச்சிக்கு எதிரிகள் என்று அவர்களை ஒதுக்கித் தள்ள யாராலும் முடியவில்லை. அவர்கள் அறிக்கையை அச்சிட்டதோடு நிற்கவில்லை. ஊர் நூலகம், பள்ளி, கூட்டுறவுச் சங்கக் கட்டிடம் என்று மக்கள் கூடும் இடங்களுக்கு எடுத்துப் போனார்கள். தங்கள் ஊர் மின்சாரத்தைப் பற்றி மின்வாரியத்திடமே கேள்வி கேட்கக் குடிமக்களுக்குக் கற்றுத் தந்தார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் தொடங்கியபோது முன்னால் இருந்த மாதிரி இதுவே.

இனி தில்லி. இந்திரா காந்தி காட்டின் மீது உண்மையான பற்றுக் கொண்டவர். ஜெய்ராம் ரமேஷ் 2017இல் வெளியிட்ட நூல் அவருடைய கடிதங்களையும் கோப்புகளையும் கொண்டு இதை ஐயமற நிறுவுகிறது. அந்த நூலுக்குப் பிறகு, பிரதமர் விரும்பினார், அணை நின்றது என்று நண்பர்கள் கதையை முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் 1980 ஜனவரியில் ஆட்சிக்குத் திரும்பியவர், 1983 நவம்பர் வரை காத்திருந்தது ஏன்? அதே 1980 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அணைக்கு எதிரான மனுவைத் தள்ளுபடி செய்திருந்தது. டிசம்பரில் மாநில அரசு அணைப் பகுதியை மட்டும் விலக்கிவிட்டு மீதியைப் பூங்கா என்று அறிவித்தது. 1982இல் கேரளத்தில் ஆட்சிக்கு வந்த கருணாகரன் இந்திராவின் கட்சிக்காரரே, அவரும் அணையைக் கேட்டவரே. சொந்தக் கட்சியின் முதலமைச்சரிடம் முடியாது என்று சொல்ல, பற்று மட்டும் போதாது, மறுக்க முடியாத காரணம் வேண்டும். திட்டத்தை ஆராய எம்.ஜி.கே. மேனன் தலைமையில், மாதவ் காட்கில் போன்றோர் இடம்பெற்ற குழு 1982இல் அமைந்து, மறு ஆண்டுத் தொடக்கத்தில் அறிக்கை தந்தது. அதற்குள் அணை மறுப்பை, வெளியார் மலையாளிகள் மீது திணிக்கும் தடை என்று காட்ட முடியாத நிலை ஏற்பட்டிருந்தது. மின்பொறியாளரும் பொருளியலரும் பள்ளி ஆசிரியரும் அணை வேண்டாம் என்று மலையாளத்திலேயே சொல்லியிருந்தார்கள். பிரதமர் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தின் விலையைக் குறைத்துத் தந்தவர்கள் கேரளக் குடிமக்கள்.

கவிஞர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுகதகுமாரியின் மரத்துக்கான துதிக் கவிதை கூட்டந்தோறும் ஒலித்தது. இயற்கைப் பாதுகாப்புச் சமிதியில் எழுத்தாளர்கள் திரண்டார்கள். அவர்கள் கூட்டத்தைச் சேர்த்தார்கள், அது பெரிய காரியம். கூடிய கூட்டத்துக்குக் கையில் கொடுக்க ஒரு கணக்கு இருந்தது என்பதே இங்கே வலியுறுத்தப்படுவது.

நம் ஊரிலிருந்து ஓர் ஒப்புமை. மதுரைக்கு அருகே அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் தெரியவந்ததும் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இங்கே சமணப் படுக்கையும் குடைவரையும் கண்மாயும் கண்முன் இருந்தன, ஊரே வாதியாக நின்றது. சைலன்ட் வேலியில் அணைப் பகுதிக்குள் அப்படி ஊர் இல்லை. ஆகவே வாதம் வெளியிலிருந்து, கணக்காக வந்தது. இவ்வேறுபாடு விரிவாக ஆராயத்தக்கது. நேரம் கருதி விடப்படுகிறது.

பருவநிலை வழக்குகளுக்கு வந்தால் காட்டுயிரா மின்சாரமா என்ற இச்சிக்கல் இன்னும் முறுகுகிறது. நெதர்லாந்தில் அர்கெண்டா என்ற சூழல் அமைப்பும் 886 குடிமக்களும் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசு கரிம உமிழ்வைக் குறைத்தே ஆக வேண்டும் என்றது. இந்தியாவில் கானமயில் என்ற பறவைக்காகக் காட்டுயிர்ப் பாதுகாவலர் எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில், 2021இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் சூரிய மின்கம்பிகளை நிலத்துக்கடியில் பதிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழு அமைத்தது. பருவநிலைப் பாதிப்பிலிருந்து காப்புப் பெறும் உரிமையையும் அதே தீர்ப்பு ஏற்றது. காட்டுயிரும் பருவநிலையும் எதிரெதிர்த் தரப்பில் நிற்கும் வழக்கு இது. இங்கும் பேச்சு கம்பியைப் பற்றித்தான். எந்தத் தடத்தில், எவ்வளவு செலவில், எத்தனை பறவை என்ற கணக்கைக் குடிமக்கள் தரப்பில் இன்னும் முழுமையாகப் போட்டவர் இல்லை.

செய்ய வேண்டியவை சில. பரிஷத்தின் கிராமக் கிளைக் குறிப்பேடுகளைத் தேடிச் சேகரிக்க வேண்டும். மின்வாரியப் பொறியாளர்களில் எஞ்சியிருப்போரிடம் வாய்மொழி வரலாறு எடுக்க வேண்டும். அட்டப்பாடியின் முதுகர், இருளர், குறும்பர் இந்தப் போராட்டத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பது தனி நூலுக்கு உரியது. இன்னொரு பணியும் உண்டு. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் போராட்டக் காலத்தில் மத்திய வேளாண் செயலாளராக இருந்தார். சைலன்ட் வேலி, அமரம்பலம், அட்டப்பாடி ஆகியவற்றோடு தமிழ்நாட்டின் குந்தா வனப்பகுதியில் 100 சதுர கிலோமீட்டரையும் சேர்த்து 389.52 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டுக் காப்பகம் ஒன்றை அவர் முன்மொழிந்தார். அந்தத் தமிழ்நாட்டுப் பகுதியைப் பற்றி நம் வனத்துறையில் அப்போது என்ன பேசப்பட்டது, ஏற்கெனவே அங்கிருந்த குந்தா மின்திட்டம் அதற்கு இடையூறாகப் பார்க்கப்பட்டதா என்பதை உதகமண்டலக் கோப்புகளிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் ஆராயத் தொடங்கலாம்.