கடைசியாக எப்போது குடித்தார்?

டீன் அவர்களே, கடன் வாங்கிப் படிக்கவைத்துவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, புதிய மருத்துவர்களே, என் விருதுகளையெல்லாம் வாசித்துவிட்டார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்: குடி. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த நாளிலிருந்து கடையைத் திறப்பதா மூடுவதா என்ற வழக்கு ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை. எனக்குத் தெரிந்தது வார்டு.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எலும்பு முறிவு வார்டில் ஒரு லாரி டிரைவர். தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தோம். இரண்டு நாள் பரம சாது. மூன்றாம் நாள் இரவு கட்டிலையே ஓட்ட ஆரம்பித்துவிட்டார்! கை ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறது, இல்லாத கியரை மாற்றுகிறது. "டேய், பின்னாடி வண்டி வருதா பாருடா" என்று பக்கத்துக் கட்டில்காரரைக் கிளீனராக்கி அதட்டுகிறார். உடம்பெல்லாம் வேர்வை, விரல்களில் நடுக்கம். "காத்து கருப்பு அடிச்சிருச்சே" என்று அவருடைய அம்மா அழ, வார்டு பாய் கயிறு தேடப் போய்விட்டார்.

வார்டு சிஸ்டர் மட்டும் அவர் மனைவியைத் தனியே அழைத்தார். "கடைசியா எப்பம்மா குடிச்சாரு?" "அடிபட்ட அன்னைக்குக் காலைல சிஸ்டர். தினம் ரெண்டு குவார்ட்டர்."

நோய் பிடிபட்டுவிட்டது. வருடக்கணக்கில் மதுவுக்குப் பழகிய மூளை, அது சட்டென்று நின்றதும் கட்டுமீறுகிறது. பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இது வரும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். டயசிபாமும் தயமினும் போனபின், சில நாளில் தெளிந்து, "லோடு இறக்கியாச்சா?" என்றார். தயமினை மறந்து குளுக்கோஸை மட்டும் ஏற்றாதீர்கள். தேர்வில் எல்லோரும் சரியாக எழுதியிருப்பீர்கள், இரவு இரண்டு மணிக்குத்தான் மறந்துபோகும்.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது நாடே திரும்பிப் பார்த்தது. தினசரி குவார்ட்டரில் ஈரல் சுருங்கிச் சாகிறவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற 37 பேரும் ஆஸ்பத்திரிக்கே வராதவர்களா? வந்திருப்பார்கள். "கடைசியாக எப்போது குடித்தார்?" என்று கேட்காமலே நாம் காயத்துக்குத் தையல் போட்டு அனுப்பியிருப்போம்.

டாக்டர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே கிடையாது. எங்கள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் தொடங்கியவன் ஒருவன்; எங்கள் செட்டிலேயே அவனுக்குத்தான் ஆபரேஷனில் நல்ல கை. ஐம்பதைத் தொடவில்லை. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் அந்தக் கை நடுங்காது என்பது தியேட்டர் நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கேள்வியைக் கேட்கும் இடமும் இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில், குடிப்பவரோடு குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. அவர் டாக்டர் அல்ல, சமூகப் பணி படித்தவர். நம் ஹவுஸ் சர்ஜன்கள் ஒவ்வொருவரையும் இரண்டு வாரமாவது அப்படி ஒரு மையத்துக்கு அனுப்பவேண்டும் என்று டீன் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். இத்தனை பெற்றோர் முன்னிலையில் அவரால் மறுக்க முடியாது.