தம்மைத் தாமே சொன்ன சொற்கள்

நற்செய்தி நூல்களில் இயேசுவைப் பற்றிப் பிறர் சொன்னவை பல. போதகர் என்றனர், தாவீதின் மகன் என்றனர், தச்சர் என்றனர், மதிமயங்கியவர் என்றுகூடச் சொன்னவர் உண்டு. இவற்றையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை இராமநாதபுரம், இராமேசுவரம் கரையில் எவ்வாறு ஒலிக்கும் என்று பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். கவிஞர்கள் கூடியுள்ள அவையாதலின், சமயத்தை விடச் சொல்லின் மீதே கவனம் மிகுதியாக நிற்கும்.

முதல் மூன்று நற்செய்திகளில் அவர் தமக்கு மிகுதியும் வழங்கிக்கொள்வது, பழைய மொழிபெயர்ப்பில் ‘மனுஷகுமாரன்’ என்றும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் ‘மானிட மகன்’ என்றும் வரும் தொடராகும். தம்மைப் படர்க்கையில் வைத்துப் பேசுகிறார். தானியேல் நூலில் மேகங்களோடு வரும் உருவம் இதற்குள் இருக்கிறது என்பர். அரமேயத்தில் இதன் நேர்ப்பொருள் ‘மனிதன்’ என்ற அளவே. பேசுகிறவன் தன்னையே தயக்கத்தோடு சுட்டிக்கொள்ளும் வழக்காகவும் இது இருந்திருக்கலாம் என்பது அறிஞர் சிலரது கருத்து. அவ்வழக்கு தமிழனுக்குப் புதிதன்று. ‘ஒரு மனுசன் எத்தனை தடவை சொல்றது?’ என்று வீட்டில் அலுத்துக்கொள்கிறவன் தன்னைத்தானே சொல்கிறான். நரிகளுக்குக் குழியுண்டு, தமக்குத் தலைசாய்க்க இடமில்லை என்று இயேசு சொல்லுமிடத்தில் இந்த ‘மனுசனை’ வைத்துப் படித்தால் அதன் சோர்வு உடனே புலப்படும். ‘மனுஷகுமாரன்’ என்ற சொல்லின் கம்பீரத்தில் அந்தச் சோர்வு மறைந்துவிடுகிறது.

யோவான் நற்செய்தியில் நிலைமை வேறு. அங்கே அவர் உருவகங்களால் தம்மைச் சொல்கிறார்: அப்பம், ஒளி, வாயில், ஆயன், உயிர்த்தெழுதல், வழி, திராட்சைக்கொடி என ஏழு. திராட்சைக்கொடி பனை நிலத்தில் ஏட்டுக்கொடியாகவே இருக்கும். ஆயன் அப்படியன்று. ஆயன் என்றதும் தமிழ்ப் புலவர்க்கு முல்லையும் குழலும் கண்ணனும் நினைவுக்கு வரும். அது ‘ஆ’வோடு சேர்ந்த சொல். விவிலியத்தில் மேய்வதோ ஆடு. இந்த மாவட்டத்து உண்மை ஆயன் கீதாரிதான். மழை பொய்த்த மண்ணை விட்டு, மந்தையோடு காவிரிப் படுகை வரை நடந்து, அறுவடையான வயல்களில் இரவுதோறும் கிடை போடுகிறவன் அவன். படலால் சுற்றி அடைத்துவிட்டு அருகிலேயே படுக்கிறவனுக்கு, ‘வாயில்’, ‘ஆயன்’ என்ற இரு உருவகங்களும் ஒரே அதிகாரத்தில் ஏன் வருகின்றன என்பதற்கு உரை தேவையில்லை.

ஆனால் ஓநாயைக் கண்டதும் ஓடுகிற கூலியாளைப் பற்றி அங்கே வரும் வாக்கியம் சற்றுக் கடுமையானதே. கடனுக்கு ஈடாகக் கிடையில் விடப்பட்ட சிறுவர்களை அறிந்த நாடு இது. அச்சிறுவன் ஏன் ஓநாயோடு போராட வேண்டும் என்ற கேள்வி இங்கே எழாமல் இருக்காது.

வழி என்னும் உருவகத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ‘நான் வழி’ என்பது தமிழில் நிற்பதில்லை. ‘நானே’ என்று ஏகாரம் பெறுகிறது. கிரேக்கத்தில் வினையே தன்மை இடத்தைக் காட்டிவிடும். ‘நான்’ என்ற தனிச்சொல்லை வெளிப்படக் கூறுவதே அழுத்தம். தமிழ் ஏகாரத்திற்கோ தொல்காப்பியம் ஐந்து பொருள் கூறும். அவற்றுள் இங்கே பொருந்துவன தேற்றமும் பிரிநிலையும். ‘நான் உறுதியாக வழி’ என்பதா, ‘பிறர் அல்லர், நான் மட்டும்’ என்பதா? கோயிலும் தர்காவும் மாதா கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் ஊர்களில் இது வெறும் இலக்கண வினாவன்று. தேற்றம் என்று சொல்லி நழுவிவிடலாம். அடுத்த தொடரே பிரிநிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. காவியுடையும் மரக்கறி உணவுமாகப் பண்டாரசுவாமியாக வாழ்ந்த அருளானந்தர், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டதற்குப் பின்னேயும் ஒரு பிரிநிலை இருந்தது. திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர் ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றானது. விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதிக்கு உறவு. ஏகாரத்தின் விலையை அந்தப் பெண்ணும் கொடுத்தாள் என்பதை வரலாறு எழுதுவோர் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

பாம்பன், தங்கச்சிமடம், வேர்க்கோடு ஆகிய ஊர்களில் இவ்வுருவகங்களைக் கேட்கும் மீனவர் ஒன்றைக் கவனித்திருப்பர். முதற்சீடருள் நால்வர் மீனவர், படகிலிருந்தே போதித்தார். ஆயினும் தம்மை வலைஞர் என்றோ வலை என்றோ படகு என்றோ அவர் ஓரிடத்தும் சொல்லவில்லை. மனிதரைப் பிடிக்கும் தொழிலைச் சீடர்க்குத் தந்தார். தமக்கு மேய்ப்பனின் பெயரை வைத்துக்கொண்டார்.

ஆனால் கடலுக்குரிய ஒரு சொல் அவரிடம் உண்டு. இரவின் நான்காம் சாமம், எதிர்க்காற்று, தண்டு வலித்து ஓய்ந்த சீடர்கள் நீர்மேல் வரும் உருவைப் பேய் என்று அலறுகின்றனர். அவர் தம் பெயரைச் சொல்லவில்லை. ஆயன் என்றோ ஒளி என்றோ சொல்லவில்லை. கிரேக்கத்தில் இரண்டே சொல். தமிழில் ஒன்று: ‘நான்தான்’. இருட்டில் கதவைத் தட்டுகிறவனை ‘யாரது?’ என்று கேட்டால் வரும் விடை அது. குரலை அறிந்தவர்க்கு மட்டுமே அது விடையாகும். அறியாதவர்க்கு அதில் ஒன்றுமில்லை. வாடைக்காலத்து வடகடலில் நாட்டுப்படகுக்கு நாட்டுப்படகு குரல் கொடுத்தே ஆளறிந்தவர்க்கும், 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது எந்தக் குரலும் வராதா என்று காத்திருந்தவர்க்கும் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதே இரு கிரேக்கச் சொற்கள், முட்புதரில் மோசேக்குக் கடவுள் தம்மை அறிவித்த தொடரின் கிரேக்கப் பெயர்ப்பிலும் உள்ளன. ஆபிரகாமுக்கு முன்பே என்று இயேசு பேசுமிடத்திலும் அவையே. அங்கே தமிழ் ‘இருக்கிறேன்’ என்று மாற வேண்டியுள்ளது. கிரேக்கம் ஒன்றாக வைத்திருந்ததைத் தமிழ் இரண்டாக்குகிறது. கடவுளின் பெயரும் கதவருகே கேட்கும் குரலும் ஒரே சொல்லாக நிற்கும் அந்த இரட்டைநிலையைத் தமிழ்க் கவிதை இன்னும் முழுமையாக ஆண்டுகொள்ளவில்லை. புகழ்ச்சிக்குரிய அடைமொழிகளை அடுக்குவதிலேயே பெரிதும் காலம் போயிற்று.

பிடிக்க வந்தவர்களிடமும் தோட்டத்தில் அவர் சொன்னது இதே சொல்தான். தம்மைத் தேடி வந்திருந்தால் உடனிருப்பவர்களைப் போகவிடுமாறு கேட்டார். நடுக்கடலில் படகு மறிக்கப்பட்டு ஆட்கள் கொண்டுபோகப்படுவதைக் கண்ட கரையில், இந்த வேண்டுதல் ஏட்டுச் செய்தியாகக் கேட்பதில்லை. போகவிடப்பட்ட பேதுரு, அன்றிரவே கரிநெருப்பருகே, ‘நீயும் அவருடைய ஆளா?’ என்பது போன்ற கேள்விக்குச் சொன்ன விடை, ஆசிரியரின் சொல்லுக்கு நேர் எதிர்மறை: ‘நான் இல்லை’.

பின்னர் ஒரு விடியல். இரவெல்லாம் வலை வீசி வெறும் படகோடு இருந்தவர்களை, கரையில் நிற்கும் ஒருவர் மீன் ஏதும் உண்டா என்று கேட்கிறார். அவர் சொன்ன பக்கம் வீச, வலை நிறைகிறது. கரையேறினால் மறுபடியும் கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். நீர் யார் என்று கேட்க எவருக்கும் துணிவு வரவில்லை என்று எழுதுகிறார் யோவான். அவரும் சொல்லவில்லை. மீனை எடுத்துக் கொடுக்கிறார்.