நடுக்கமெல்லாம் முதுமையன்று



ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. அங்கே மரம் சீவிய கைகள் இன்று முதுமை எய்தியுள்ளன. மடிமீது சும்மா கிடக்கும் கை நடுங்கினால், "வயதாகிவிட்டது" என்கிறோம். சிலரை, "சம்சு குடித்த வினை" என்று பழிக்கவும் செய்கிறோம். குடியையே தொடாதவர்க்கும் வருவது இந்நோய்.

1817-இல் இதனை விவரித்த இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயரே இதற்கு நிலைத்தது. மூளையின் ஒரு சிறு பகுதியில் 'டோப்பமின்' என்னும் பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் சிறுகச் சிறுக மடிகின்றன. அதனால் உடலசைவு தளர்கிறது. இது தொற்றுநோயன்று.

இரத்தச் சோதனை ஒன்றினால் இதனைக் கண்டறிய இயலாது. மருத்துவரின் கண்ணும் கையுமே கருவிகள். விரல்களைத் தட்டச் சொல்வார். கையை மடக்கி விறைப்பைப் பார்ப்பார். நடக்கச் சொல்லி, ஒரு கை வீசாமல் தொங்குகிறதா என நோக்குவார். அசைவின் மந்தமே முதன்மை அடையாளம். அதனோடு நடுக்கமோ விறைப்போ சேர்ந்திருக்க வேண்டும். நடுக்கமே இல்லாத நோயாளரும் உளர். தேநீர்க் கோப்பையை ஏந்தும்போது மட்டும் வரும் நடுக்கம் பெரும்பாலும் வேறு வகையாகும். மனநோய்க்கும் தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் உண்ணும் சில மாத்திரைகளும் இதே தோற்றத்தைத் தரும். ஆதலின், உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

காரணம் யாது? முதுமையே பெரிய காரணம். பெண்களைவிட ஆண்களுக்கு மிகுதி. சிலருக்குக் குடும்பவழி வரும். நம் தோட்டங்களைத் தொடுவதோ களைக்கொல்லி. 1982-இல் கலிபோர்னியாவில் கலப்படப் போதைமருந்தை ஊசியேற்றிய இளைஞர் சிலர் திடீரென மரம்போல் விறைத்தனர். அந்நஞ்சு உடலுள் மாறிக் கொள்ளும் வடிவம், நாம் களைக்கு அடித்த பாராகுவாட்டை ஒத்திருந்தது. ஐயம் அங்கே வலுத்தது. பாராகுவாட்டையோ ரோட்டினோனையோ கையாண்டோர்க்கு இந்நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மிகுதியென 2011-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறிற்று. ரோட்டினோன் வேறெதுவுமன்று, ஆற்றில் மீன் பிடிக்க இடித்துக் கலக்கிய தூபா வேரின் நஞ்சே! இவை ஐயங்களே, முடிந்த தீர்ப்பல்ல. மருந்தடித்தோர் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதுமில்லை. எனினும் 2002-இல் நம் அரசு பாராகுவாட்டை விலக்க முற்பட்டது, 2006-இல் தளர்த்தியது, 2020 சனவரி முதல் முற்றிலும் தடுத்துவிட்டது. பழைய புட்டி எஞ்சியிருந்தால் தொடாதீர்கள்.

'லெவோடோப்பா' மாத்திரை நோயை நீக்காது. ஆயினும் உண்பதும் நடப்பதும் எளிதாகும். தாமாக நிறுத்தலாகாது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் முதலில் காட்டினால், வேண்டியவரை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவர். செல்லும்போது இல்லத்தரசியையோ கணவரையோ உடனழைத்துச் செல்லுங்கள். மோப்பம் குன்றுவதும், மலச்சிக்கலும், கனவில் கைகால் வீசுவதும் நடுக்கத்திற்குப் பல்லாண்டு முன்னரே தோன்றலாம். உறக்கத்தில் நடப்பதைச் சொல்ல வல்லவர் அருகில் படுப்பவரே.