திரும்பி வருதலும் திருவருளே

சீன நாட்டின் திபெத்துப் பகுதியில், ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் விளங்குவது மானசரோவரம். 2020இல் நின்ற இந்திய அரசின் யாத்திரை 2025இல் மீண்டும் தொடங்கியதால், அன்பர் பலர் புறப்பட எண்ணுகின்றனர். கடவுச்சீட்டும் கம்பளியும் சேர்ப்பதோடு ஆயத்தம் முடிந்துவிடாது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் குறைதலால் உயிர்வளி போதாது; தலைவலியும் வாந்தியும் மூச்சுத்திணறலும் தோன்றும். இடையிடையே தங்கி மெல்ல ஏறுதல் வேண்டும். மருத்துவர் இறங்கச் சொன்னால் உடனே இறங்குதலே கடன்.

"இறைவனைக் காணாது திரும்புவதா?" எனலாம். திருநாவுக்கரசர் கயிலை நோக்கி நடந்து கால் தேய்ந்தார், கையால் ஊன்றினார், மார்பால் உந்தினார், பின் புரண்டார். அவரையும் இறைவன் தடுத்துப் பொய்கையில் மூழ்குவித்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சி தந்தருளினான்.

ஆதலின், பாதி வழியில் திரும்பியவர் கயிலையை இழந்தவர் அல்லர். திருச்சிற்றம்பலம்.